யாரும் போன் செய்யாத பதினொரு வாரங்கள்

எங்கள் பகுதிக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் எத்தனை பெட்ரூம் என்று கேட்பதற்கு முன்பே பள்ளிக்கு என்ன கிரேடு என்று கேட்பார்கள். டெக்சஸில் ஒவ்வொரு பொதுப் பள்ளிக்கும் மாநில அரசு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து கொடுக்கிறது. எங்கள் தொடக்கப் பள்ளிக்கு ஏ. அந்த ஒற்றை எழுத்தை நம்பி ஈஸ்ட் பிரன்ஸ்விக், டப்ளின் என்று வேறு மாநிலங்களின் ஊர்களிலிருந்தெல்லாம் குடும்பங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு டாலஸுக்கு வடக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. நாங்களும் அப்படித்தான் வந்தோம். தாமரைச்செல்வி ஆன்ட்டியும் அப்படித்தான் வந்தார்.

அந்தப் பள்ளியின் அலுவலகத்தில் அவர் டேட்டா க்ளார்க். பிள்ளைகள் எழுதும் தேர்வுகளின் எண்களை ஒழுங்காக ஒரு தாளில் சேர்த்து, பள்ளிகளை நடத்தும் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு அனுப்புவது வேலை. யாரும் வியக்கும் வேலை இல்லை. ஆனால் நான் இதுவரை பார்த்த மனிதர்களில் என்னை வாயடைக்க வைத்தவர் அவர்தான். ஏன் என்பதை எல்லோருக்கும் புரியும்படி சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன்.

ஆன்ட்டி கோபிசெட்டிபாளையம் பக்கம். வேதியியல் படித்துவிட்டு, பால் குளிரூட்டும் நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தார். பிறகு செழியன் அங்கிளைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்கா வந்தார். கணவரைச் சார்ந்த விசா என்பதால் ஒன்பது வருடம் வேலை செய்ய அனுமதி இல்லை. எந்தப் படிவம் வந்தாலும் தொழில் என்ற இடத்தில் 'ஹோம்மேக்கர்' என்று எழுதி எழுதிப் பேனாவே தானாக எழுத ஆரம்பித்துவிட்டது என்பார். கிரீன் கார்டு வந்த வாரமே இந்த வேலைக்கு விண்ணப்பித்தார். கிடைத்தது. பள்ளியின் அடையாள அட்டையைச் சாவிகளோடு சேர்த்து வாசல் பக்கம் மாட்டி வைத்திருப்பார். காலையில் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் காபி போடுவார்.

"ஏனுங்க, காபிக்குக் கூட ஐடி வேணுமா?" என்று செழியன் அங்கிள் கிண்டல் செய்வார்.

"ஒன்பது வருசம் போடாததையெல்லாம் சேத்திப் போட்டுக்கறேன், இருங்க" என்பார் ஆன்ட்டி.

பள்ளி முடிந்ததும் என் தங்கை ப்ரியா அவர்கள் வீட்டில்தான் இருப்பாள். அம்மா வேலையிலிருந்து வர ஆறு மணியாகும். நான் என் ஹைஸ்கூலிலிருந்து வந்து அவளைக் கூட்டிப் போவேன். இங்கே நான் சொல்லும் பாதிப் பேச்சை அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து என் காதால் கேட்டேன். மீதியை ஆன்ட்டி பிறகு சொன்னார்.

அவர் வேலை செய்கிற விதம் விசித்திரமாக இருக்கும். கம்ப்யூட்டர் திரை மீது இரும்பு ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். ஒரு வரிக்கு ஒரு பிள்ளை. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். சராசரியைப் பார்த்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். பால் நிலையத்தில் ஒவ்வொரு கேனாகத்தான் சோதிப்போம் என்றார். எல்லாவற்றையும் டேங்கில் ஊற்றிய பிறகு சோதித்தால், தண்ணீர்ப் பால் யாருடையது, கெட்டிப் பால் யாருடையது என்று கடவுளுக்கே தெரியாதாம்.

பிள்ளைகளின் வரிகளுக்கு நிறம் உண்டு. தேறாதவர்கள் சிவப்பு. தேறுவதற்கு அருகில் இருப்பவர்கள் மஞ்சள். தேறியவர்கள் பச்சை. மிக உயரத்தில் இருப்பவர்கள் நீலம். பள்ளிக்கு எழுத்து கொடுக்கும்போது பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்றும் பார்ப்பார்கள். ஆனால் நீலத்தில் இருக்கும் பிள்ளை அடுத்த வருடமும் நீலத்திலேயே இருந்துவிட்டால் வளர்ச்சிக்கு முழு மதிப்பெண். அந்தப் பிள்ளை புதிதாக ஒன்றும் கற்காவிட்டாலும் முழு மதிப்பெண்தான்.

எங்கள் வீடுகளிலும் இதே கதை. பள்ளியிலிருந்து "உங்கள் பிள்ளை அதிகத் திறமை உள்ளவர்களுக்கான கிஃப்டட் பிரிவுக்குத் தேர்வாகியிருக்கிறது" என்று கடிதம் வந்தால் அன்றைக்குக் கேசரி கிண்டுவோம். வாட்ஸப்பில் கடிதத்தின் படம் போகும். அதுவரை சனிக்கிழமை தவறாமல் போன கணக்கு வகுப்பு அந்த மாதமே நின்றுவிடும். அதன் பிறகு யாரும் அந்தப் பிள்ளையிடம் இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்பதில்லை. அதுதான் கிஃப்டட் ஆயிற்றே, இனி என்ன கவலை! ப்ரியாவுக்கு இரண்டாம் வகுப்பில் கடிதம் வந்தது. எங்கள் அம்மா முந்திரியைத் தாராளமாகப் போட்டுக் கேசரி செய்தாள். கிஃப்டட் வகுப்பு என்பது வாரத்துக்கு முக்கால் மணி நேரம். அதில் ப்ரியா ஐஸ் குச்சிகளால் பாலம் கட்டினாள். அடுத்த வருடமும் பாலம் கட்டினாள். மீதி நேரமெல்லாம் தெரிந்த கணக்கையே போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை.

அந்த வருடம் எங்கள் டிஸ்ட்ரிக்ட் தன் பங்குக்கு ஒரு ரிப்போர்ட் கார்டு தயாரிக்க நினைத்தது. அரசின் எழுத்தோடு கூட, ஒவ்வொரு பள்ளியைப் பற்றியும் இன்னும் சில விஷயங்களை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து போட்டுப் பெற்றோருக்குச் சொல்வதற்காக. அதில் ஒரு வரி, ஏற்கெனவே உயரத்தில் இருக்கும் பிள்ளைகள் ஒரு வருடத்தில் எவ்வளவு முன்னேறினார்கள் என்பது. அந்த வரி வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க எல்லாப் பள்ளிகளிடமும் பழைய எண்களைக் கேட்டார்கள். செப்டம்பர் நடுவில் ஆன்ட்டி எங்கள் பள்ளியின் தாளை அனுப்பினார்.

டிசம்பர் முதல் வாரத்தில் வேறு எதற்காகவோ அதே தாளைத் திறந்து ஸ்கேலை வைத்தார். முதல் நீல வரியில், போன வருடம் செப்டம்பரில் எடுத்த எண்ணும் இந்த வருடம் மே மாதம் எடுத்த எண்ணும் ஒன்று. அடுத்த வரியிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். நாற்பத்தொரு நீல வரிகளிலும் இரண்டு எண்களும் அச்சாக ஒன்றாகவே இருந்தன.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மே மாத எண்களை ஒட்ட வேண்டிய இடத்தில் செப்டம்பர் எண்களையே இரண்டாம் முறை ஒட்டியிருக்கிறார். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் சரியாக இருந்தன. நீலம் மட்டும் தவறு. கேன் கேனாகப் பார்க்கிறவர், அனுப்பும் அவசரத்தில் அந்தக் கடைசி நாற்பத்தொன்றை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தார். அவரே அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "நானும்தான் பாக்கல. நீலந்தானே, என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

உடனே உண்மையான மே எண்களைத் தேடி எடுத்தார். அங்கேதான் இரண்டாவது அதிர்ச்சி. திருத்த உட்கார்ந்தால் திருத்த அதிகம் இல்லை. இருபத்தாறு பிள்ளைகளின் எண்கள் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தில் அப்படியே நின்றன. ஒன்பது பேர் இறங்கியிருந்தார்கள். ஆறு பேர் மட்டுமே ஏறியிருந்தார்கள். அந்தத் தேர்வுக்கு மேல் எல்லை கிடையாது. பிள்ளை சரியாகப் போடப் போடக் கணக்குக் கடினமாகிக்கொண்டே போகும். அதில் ஒன்பது மாதம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார்கள்.

அன்று மாலை நான் ப்ரியாவைக் கூட்டிப் போக வந்தபோது ஆன்ட்டி அடையாள அட்டையைக் கழற்றாமல் மேஜையில் உட்கார்ந்திருந்தார். செழியன் அங்கிள் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"தப்பைத் திருத்தி அனுப்பிச்சிரு தாமரை. முடிஞ்சுது" என்றார் அங்கிள்.

"பிரின்சிபலும் அதையேதான் சொன்னாங்க. திங்கக்கிழமை புதுத் தாள் அனுப்பலாம், யாருக்கும் நட்டமில்லேன்னு."

"அப்புறம் என்ன?"

"ஏனுங்க, சிவப்பு வரில ஒரே ஒரு நம்பர் தப்பாப் போச்சுன்னா மதியத்துக்குள்ள மூணு போன் வரும். டிஸ்ட்ரிக்ட்ல இருந்து ஒண்ணு, டீச்சர் ஒண்ணு, பிரின்சிபல் ஒண்ணு. இதுல நாப்பத்தியோரு கொழந்தைங்க. பதினோரு வாரம். ஒருத்தர் கூடவா போன் பண்ணல? நாப்பத்தியோரு பேருக்கும் ரெண்டு நம்பரும் ஒண்ணா இருக்கேன்னு ஒருத்தருக்குக் கூடவா தோணல?"

அங்கிள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"டிஸ்ட்ரிக்ட் ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? நம்ம ஸ்கூல் நீலப் பிள்ளைங்க 'நிலையா' இருக்காங்களாம். பாராட்டி எழுதியிருக்காங்க. அதைக் காட்டி அந்த வரியே வேண்டாம்னு சொல்லப் போறாங்க."

"நீ இப்ப என்ன பண்ணோணுங்கற?"

"போர்டு மீட்டிங்ல சொல்லோணும்."

"தாமரை, அது ரெக்கார்டு ஆகும். எல்லாரும் பாப்பாங்க. நான்தான் தப்புப் பண்ணேன்னு நீயே மைக்ல சொல்லுவியா? வருசா வருசம் ரினியூ பண்ற வேலை இது. ஒன்பது வருசம் காத்திருந்து கிடைச்சது."

"தெரியுமுங்க" என்றார் ஆன்ட்டி. அந்த அட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

கூட்டத்தில் பேச விரும்புகிறவர்கள் முன்பே பெயர் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்த செய்தி எங்கள் வாட்ஸப் குழுவுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாய்ராம் அங்கிள் வந்தார். எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. ஆஸ்டினுக்கு மாற்றலாகிப் போவதால் வீட்டை விற்பனைக்குப் போட்டிருந்தார். அவருடைய மகன் க்ரிஷும் கிஃப்டட்தான்.

"அக்கா, நீங்க நல்லது பண்றீங்க, நான் இல்லேங்கல. ஆனா டைமிங்கப் பாருங்க. என் வீடு லிஸ்டிங்ல இருக்கு. அந்த வரி வந்து நம்ம ஸ்கூலுக்கு அதுல ஒரு சி விழுந்துச்சுன்னா, வாங்க வர்றவன் ஓடிப் போயிடுவான்."

"உங்க வீட்டுக் கூரை ஒழுகுதுங்களா?"

"என்னக்கா, ஒழுகுனா வித்துடுவேனா? சரி பண்ணிட்டுதான் விப்பேன்."

"அதேதானுங்க நானும் சொல்றேன்."

சாய்ராம் அங்கிள் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. "நானும் பேர் குடுத்திருக்கேன்கா. நீங்க பதினாலு, நான் பதினஞ்சு. அந்த வரி வேண்டாம்னுதான் பேசுவேன். கோச்சுக்காதீங்க."

"எதுக்குங்க கோவம்? தோசை ஊத்தறேன், சாப்பிட்டுப் போங்க."

இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

கூட்டத்துக்கு நானும் அம்மாவும் போயிருந்தோம். மேடையில் டிஸ்ட்ரிக்டின் முடிவுகளை எடுக்கும் போர்டு உறுப்பினர்கள் ஏழு பேர் வளைவாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஒரு மைக், அதன் எதிரே சின்ன விளக்கு. ஒருவருக்கு மூன்று நிமிடம். பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். பேசுகிறவர்களுக்கு மேடையில் இருப்பவர்கள் பதில் சொல்லக் கூடாது என்பது விதி. காரில் வரும்போது செழியன் அங்கிள், அந்த அட்டையையாவது கழற்றிவிட்டுப் பேசு என்று கெஞ்சியிருக்கிறார். ஆன்ட்டி அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் எழுந்தார். மூன்றாவது வரிசையில் பிரின்சிபல் மிஸஸ் ஹால்டன் இருந்தார்.

ஆன்ட்டியின் ஆங்கிலம் நிதானமானது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். தன் பெயரையும் வேலையையும் சொன்னார். பிறகு, "உங்கள் கையில் இருக்கும் அறிக்கையில், என் பள்ளிக்கான பக்கம் தவறு. அந்தத் தவறைச் செய்தது நான்" என்றார். ஏழு பேரும் ஒரே நேரத்தில் காகிதத்தைப் புரட்டிய சத்தம் கேட்டது. எப்படி ஒட்டினேன், எப்போது கண்டுபிடித்தேன் என்று சொன்னார். சிவப்பு வரிக்கு மூன்று போன், நீல வரிக்குப் பதினொரு வாரம் மௌனம் என்றார். "நான் எங்கள் ஆசிரியர்களைக் குறை சொல்ல வரவில்லை. எதை எண்ணுகிறோமோ அதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். இவர்களை யாரும் எண்ணவில்லை. அதனால் நானும் பார்க்கவில்லை." இருபத்தாறு, ஒன்பது, ஆறு என்ற மூன்று எண்களையும் படித்தார். மஞ்சள் எரிந்தது. "இந்த வரியை நீங்கள் எடுத்துவிட்டால் அடுத்த வருடம் இதே தவறை யாராவது செய்வார்கள். அப்போதும்..."

சிவப்பு எரிந்தது. வாக்கியத்தின் நடுவில் ஆன்ட்டி நிறுத்திவிட்டார். இன்னும் ஐந்தாறு சொற்கள்தான் இருந்திருக்கும். மற்றவர்கள் எல்லாம் சிவப்பைத் தாண்டிப் பேசினார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அடுத்தது பதினைந்து. சாய்ராம் அங்கிள் கையில் மடித்த காகிதத்தோடு மைக்குக்குப் போனார். காகிதத்தைப் பிரித்தார். பார்த்தார். மறுபடி மடித்தார். "எனக்கு ஒரு கேள்விதான்" என்றார் ஆங்கிலத்தில். "அந்த நாற்பத்தொரு பேரில் என் மகன் இருக்கிறானா?"

போர்டின் தலைவர், பொதுமக்களின் கேள்விக்குப் பதில் சொல்ல விதியில் இடமில்லை என்றார். அங்கிள் நகரவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவர் சும்மா நின்றார். மஞ்சள் வந்தது. சிவப்பு வந்த பிறகுதான் திரும்பினார். மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த வரி ஒரு வருடத்துக்குச் சோதனையாக இருக்கட்டும் என்று நான்குக்கு மூன்று ஓட்டில் முடிவானது.

வெளியே பார்க்கிங்கில் சாய்ராம் அங்கிள் ஆன்ட்டியிடம் வந்தார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. க்ரிஷ் அதுல இருக்கானா?"

"சொல்லக்கூடாதுங்க. சட்டம் அப்படி. அதுவுமில்லாம என் தாள்ல பேரே இல்ல, நம்பர்தான்."

"உங்களுக்குத் தெரியும்கா."

"வீட்டுக்குப் போய் அவன்கிட்டயே இன்னிக்கு என்ன புதுசாக் கத்துக்கிட்டேன்னு கேளுங்க. அவன் சொல்லிருவான்."

நானும் அம்மாவும் வீட்டுக்கு வந்து ப்ரியாவிடம் அதையே கேட்டோம். "நத்திங்" என்றாள் ப்ரியா. சலிப்பில்லாமல், ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

ஜனவரியில் ஆன்ட்டிக்குக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. ஆனால் எண்களைக் கையாளும் பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. இனி முன் மேஜை. தாமதமாக வரும் பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதித் தருவது, காய்ச்சல் வந்த பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்வது. மிஸஸ் ஹால்டன் கடிதத்தைக் கையோடு கொண்டுவந்து கொடுத்து, என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்றாராம். ஆன்ட்டி வீட்டுக்கு வந்து அட்டையைச் சாவிகளோடு மாட்டினார். அன்று மட்டும் காபி போடவில்லை. மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டுதான் காபி போட்டார். இரும்பு ஸ்கேலை முன் மேஜைக்கு எடுத்துப் போனார். சீட்டுகளைக் கிழிக்க வசதியாக இருக்கிறதாம்.

சாய்ராம் அங்கிளின் வீடு கூட்டம் முடிந்து ஒன்பது நாளில் விற்றுப்போனது. டப்ளினிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாங்கியது. ஸ்கூல் ஏ தானே என்று மட்டும் கேட்டார்கள். ஏ தான். டிஸ்ட்ரிக்ட் கார்டில் அந்தப் புது வரிக்கு நேராக சி விழுந்ததை அவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள்.

பள்ளியில் இருப்பவர்களும் அதைப் பார்த்தார்கள். அந்த சி விழுந்த இலையுதிர் காலத்தில் ஐந்தாம் வகுப்பில் சிலருக்குத் தினமும் ஆறாம் வகுப்புக் கணக்கு சொல்லித் தர ஆரம்பித்தார்கள். ப்ரியாவும் அதில் ஒருத்தி. மூன்றாவது வாரம் ஒரு மாலை நான் போனபோது, ஆன்ட்டி வீட்டு மேஜையில் ப்ரியா அழுதுகொண்டிருந்தாள். ஒரு கணக்கு வரவில்லை. பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அவள் கணக்குக்காக அழுததே இல்லை. நான் பதறிப்போய் அருகில் போனேன்.

"விடு கண்ணு" என்று ஆன்ட்டி என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நல்லா அழட்டும். இப்பத்தான் அவளுக்குத் தெரியாதது ஒண்ணு வந்திருக்குது."

அவர் கண்களும் கலங்கியிருந்தன. ஆனால் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். யாரையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. தனக்குப் பிறக்காத பிள்ளைகள், பெயர்கூடச் சொல்லக் கூடாத நாற்பத்தொரு எண்கள். அவர்களுக்காக, ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த நாற்காலியை ஒரு மைக்கின் முன்னால் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

ஆன்ட்டியின் தவறுக்குப் பிறகு டிஸ்ட்ரிக்ட் ஒரு விதி போட்டது. எந்தத் தாளும் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே போக வேண்டும். இந்த மே மாதம் புது க்ளார்க் நீலத் தாளைத் தூக்கிக்கொண்டு நேராக முன் மேஜைக்கு வந்தாராம். வரி வரியாகப் பார்க்கும் பொறுமை அலுவலகத்தில் வேறு யாருக்கும் இல்லை. ஆன்ட்டி சீட்டுகளை ஒதுக்கிவிட்டு ஸ்கேலை எடுத்து வைத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இறக்கினார். கையெழுத்திட்டார்.

நான் ஹைஸ்கூல் முடித்த வாரம் அவரைப் பார்க்கப் போனேன். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஆன்ட்டி, ப்ரியா நம்பர் ஏறுச்சா?"

"அது சொல்லக்கூடாது கண்ணு."

"எனக்கு மட்டும்."

"உனக்குஞ் சொல்லக்கூடாது" என்றார். பிறகு உள் அறையை எட்டிப் பார்த்தார். அங்கே ப்ரியா கணக்குப் போட்ட ஒரு தாளை அழித்து அழித்துக் கிழித்திருந்தாள். அடுத்த தாளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரப்பர் தீந்து போச்சுன்னு நேத்துதான் புதுசு வாங்கிக் குடுத்தேன்" என்றார் ஆன்ட்டி. "அதுலயும் பாதி போயிருச்சு பாரு."